பணி ஆணை கைக்கு வருவதற்கு முன்பே வேலையை விட்டேன்: மாநகராட்சி வேலைக்காகக் காத்திருந்த 16 மாதங்கள்

மாநகராட்சியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நான் விண்ணப்பித்த நாளுக்கும், அந்த அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்துப் போட்ட நாளுக்கும் நடுவே 16 மாதங்கள் ஓடிவிட்டன. அதில் ஐந்து மாதங்கள் ஒரு பைசா வருமானம் இல்லை. சேமிப்பில் பெரும்பகுதி கரைந்தது, பழைய வேலையில் வரவேண்டிய ஆண்டு போனஸ் போனது, தூக்கம் போனது. முன்கூட்டியே யாராவது ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதியையாவது தவிர்த்திருப்பேன். எனக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கையில் காசில்லாத நேரத்தில் நகர நிர்வாகங்கள் எப்படி ஆள் எடுக்கின்றன, எங்கே நிறுத்திவிடுகின்றன என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை, இப்போது விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக இருந்தேன். சம்பளம் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் யாரை அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு வரும். அந்தப் பயம் எனக்கு அலுத்துவிட்டது. மாநகராட்சி அறிவிப்பைப் பார்த்ததும், இங்கே போய்விட்டால் இனி அந்தக் கவலை இல்லை என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நகரத்தின் நிதி நிலைமை சரியில்லை என்ற செய்தி என் கண்ணில் படாமல் இல்லை. சாலைப் பணிகள் தள்ளிப்போகின்றன, நூலக நேரம் குறைகிறது என்றெல்லாம் படித்தேன். ஆட்களைத் தேடி விளம்பரமே கொடுத்திருக்கிறார்களே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

முதல் அடி விண்ணப்பத்திலேயே விழுந்தது. “கணக்குப் பணியில் ஆறு ஆண்டு அனுபவம்” என்று ஒரே வரியில் எழுதி, சுயவிவரத்தை இணைத்து அனுப்பினேன். தனியார் நிறுவனத்தில் அது போதும், மீதியை நேரில் கேட்டுக்கொள்வார்கள். இங்கே முதல் சல்லடை வேறு மாதிரி. பணியாளர் பிரிவில் ஒருவர் அறிவிப்பில் உள்ள குறைந்தபட்சத் தகுதிகளை ஒரு பக்கம் வைத்து, நம் விண்ணப்பத்தை இன்னொரு பக்கம் வைத்து, ஒவ்வொன்றாக டிக் போடுகிறார். எழுதாதது எதையும் அவர் ஊகித்துக்கொள்ளக் கூடாது. “ஓராண்டு வரவு-செலவு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணி” என்று கேட்டிருந்தார்கள். நான் அதை ஆறு ஆண்டுகளாகச் செய்தவள், ஆனால் எங்கும் அந்தச் சொல்லை எழுதவில்லை. தகுதியில்லை என்று கடிதம் வந்தது. அன்று இரவு அழுதேன். மறுநாள் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் கடைசிப் பத்தியில் மேல்முறையீடு செய்ய பத்து நாள் அவகாசம் இருப்பது தெரிந்தது. பழைய மேலாளரிடம் கெஞ்சி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று பிரித்து எழுதிய அனுபவச் சான்றிதழ் வாங்கி, ஒன்பதாவது நாள் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். விண்ணப்பிப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்: அறிவிப்பில் உள்ள அதே சொற்களை எடுத்து, உங்கள் வேலையில் அது எங்கே இருந்தது என்று வரி வரியாக எழுதுங்கள். படிக்கிறவருக்கு அலுப்பாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம், அவர் தேடுவதே அதைத்தான். அப்புறம், நிராகரிப்புக் கடிதம் வந்தால் கடைசி வரி வரை படியுங்கள்.

எழுத்துத் தேர்வு இரண்டு மாதம் கழித்து நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணக்கு, கடித வரைவு, அட்டவணையைப் படித்துப் பதில் சொல்வது. பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டினேன், அது வீண். மாநகராட்சியே வெளியிட்டிருந்த மாதிரி வினாத்தாளே போதுமானதாக இருந்தது. தகுதிப் பட்டியலில் 11-வது இடம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அறிவிப்பில் நான்கு இடங்கள் இருந்தன. முன்னால் இருப்பவர்களில் சிலர் வரமாட்டார்கள், எப்படியும் எனக்கு வரும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தப் பட்டியல் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியாது. பட்டியலில் பெயர் இருப்பது வேலைக்கு உரிமை ஆகாது. காலியிடம் வந்து, அதை நிரப்ப அனுமதியும் வந்தால், கூப்பிடப்படுகிறவர்களின் வரிசை அது. எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு ஆயுள் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் குடிமைப் பணி முறையில் இப்படிப்பட்ட பட்டியல் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் நான்காண்டு உயிரோடு இருக்கும். ஓர் இடத்துக்கு வரத் தயாராக இருப்பவர்களில் முதல் மூன்று பேரிலிருந்து யாரையும் துறை எடுக்கலாம் என்ற விதியும் அங்கே உண்டு. அப்படியானால் முதலிடத்தில் இருப்பவர்கூடத் தவறிப்போகலாம். நான் விண்ணப்பித்த இடத்தில் பட்டியலின் ஆயுள் ஓராண்டு, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். முடிவு வந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: இந்தப் பட்டியல் எந்தத் தேதியில் காலாவதி ஆகும், வேறு துறைகளும் இதிலிருந்து ஆள் எடுக்குமா? இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதில்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. ஆனால் அதை ஏழு மாதம் தாமதமாகக் கேட்டேன்.

நேர்காணல் என்னை நிலைகுலைய வைத்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுதி வைத்த கேள்விகளை வரிசையாகப் படித்தார்கள். நான் பேசப் பேசக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். தலையசைப்பு இல்லை, சிரிப்பு இல்லை, இடைக் கேள்வி இல்லை. ஏதோ தவறாகப் பேசுகிறேன் என்று நினைத்துப் பதில்களைச் சுருக்கிக்கொண்டேன். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் தாள் என்பதுதான் அங்கே முறை என்று பிறகு தெரிந்தது. யாருக்கும் சலுகை காட்டியதாகப் புகார் வரக் கூடாது என்பதற்காக முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் முன்னால் நம் விண்ணப்பம் இருந்தாலும், அந்த அறையில் நாம் வாய்விட்டுச் சொன்னதற்குத்தான் மதிப்பெண். “விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேன்” என்று ஒரு கேள்விக்குச் சொல்லிவிட்டேன். அந்தக் கேள்விக்கு எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். எழுதியதையே மறுபடி, முழுதாக, ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் தொலைபேசி வந்தது. பணியாளர் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். “உங்களைத் தேர்வு செய்திருக்கிறோம். மருத்துவப் பரிசோதனையும் சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்ததும் ஆணை வரும்” என்றார். எப்போது சேரலாம் என்று கேட்டேன். அடுத்த மாத முதல் வாரமாக இருக்கலாம் என்றார். அந்த “இருக்கலாம்” என் காதில் விழவே இல்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டுமே என்று அன்று மாலையே பழைய வேலையில் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். இன்னும் ஏழு வாரம் இருந்திருந்தால் ஆண்டு போனஸ் வந்திருக்கும். அதையும் விட்டேன். மேலாளர் நல்லவர், “ஆணை கையில் வந்துவிட்டதா?” என்று கேட்டார். வந்த மாதிரிதான் என்றேன்.

மருத்துவப் பரிசோதனை முடிந்தது. சான்றிதழ்கள் சரிபார்த்தார்கள். நோட்டீஸ் காலம் முடிந்து வீட்டில் இருந்தேன். முதல் வாரம் போனது, இரண்டாவது வாரம் போனது. தொலைபேசியில் கேட்டால் “கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது” என்றார்கள். நான்காவது வாரம் ஒரு பக்கக் கடிதம் வந்தது. நிதியாண்டின் நடுவில் செய்த பட்ஜெட் திருத்தத்தால் எல்லாப் புதிய நியமனங்களும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன, உங்கள் பெயர் பட்டியலில் தொடரும் என்று இருந்தது. அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. பழைய வேலைக்குத் திரும்பலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். என் இடத்தில் ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார்கள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிக வலியாக இருந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வேறொரு நகரத்தின் நிதிப் பிரிவில் 20 ஆண்டுகளாக இருக்கிறார். அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “விளம்பரம் வந்திருக்குன்னா இடம் இருக்குன்னுதான்மா அர்த்தம். அந்த இடத்துக்குக் காசு ஒதுக்கியிருக்காங்களான்னு நீ பார்த்தியா?” அதை எங்கே பார்ப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நகரத்தின் பட்ஜெட் ஆவணத்தைத் திறந்து, துறைவாரியாகப் பணியிடங்களைப் போட்டிருக்கும் பக்கத்தைக் காட்டினார். அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். எட்டு மாதங்களாக நான் அதைத் திறக்கவே இல்லை.

அன்று மாலை அவரிடம் கற்றதுதான் இந்த அனுபவத்திலேயே பெரியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பணியிடம் அனுமதிக்கப்பட்டது என்பது ஒன்று, அதற்கு அந்த ஆண்டு சம்பளப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு. சில இடங்கள் ஆண்டுக்கணக்கில் ஏட்டில் மட்டும் இருக்கும். பணம் ஒதுக்கிய இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா இடமும் எப்போதும் நிரம்பியிருக்காது என்று முன்கூட்டியே கணக்கிட்டு, காலியிடங்களால் இவ்வளவு மிச்சமாகும் என்று ஒரு தொகையைப் பட்ஜெட்டிலேயே கழித்துவிடுவார்கள். அந்த மிச்சத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு துறைக்கு உண்டு. வருவாய் குறைந்தால் அந்த இலக்கை உயர்த்துவார்கள். அப்போது துறைத் தலைவருக்கு ஆள் தேவை என்றாலும் இடத்தை நிரப்ப முடியாது. பல நாடுகளில் நகரங்கள் அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறை பட்ஜெட் போட முடியாது, வரவுக்குள் செலவை அடக்கியே ஆக வேண்டும். செலவில் மிகப் பெரிய பங்கு சம்பளம். வேலையில் இருப்பவரை அனுப்பினால் தொழிற்சங்கம் கேட்கும், இழப்பீடு வரும், செய்தி ஆகும். காலி நாற்காலியை அப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் நெருக்கடி வந்ததும் முதலில் கைவைப்பது நம்மைப் போல வாசலில் நிற்பவர்களின் இடத்தில்தான்.

காலமும் முக்கியம். நகரங்களின் வருவாயில் சொத்து வரிக்குப் பெரிய இடம் உண்டு. வீட்டு விலை இன்று விழுந்தால் வரி மதிப்பீடு உடனே மாறாது, இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் வரவில் தெரியும். நாட்டின் பொருளாதாரம் தேறிவிட்டது என்று செய்தி வருகிற நேரத்தில் நகரங்கள் ஆள் எடுப்பதை நிறுத்துவது இதனால்தான். நிதியாண்டு எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். நியூயார்க் நகரத்துக்கு ஜூலை 1, சிகாகோவுக்கு ஜனவரி 1, இந்திய நகரங்களுக்கும் பிரிட்டன் நகரங்களுக்கும் ஏப்ரல் 1. புதிய பட்ஜெட் நிறைவேறிய முதல் சில மாதங்களில் வரும் வாய்ப்புக்கும், ஆண்டின் பிற்பாதியில் வரும் வாய்ப்புக்கும் நிறைய வித்தியாசம். என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது நிதியாண்டின் எட்டாவது மாதம், திருத்தப் பட்ஜெட் மாமன்றத்துக்கு வருவதற்குப் பத்து நாள் முன்பு. அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் பொதுவில்தான் இருந்தது.

பெரிய நகரங்களுக்கும் இது நடந்திருக்கிறது என்று அக்கா சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பரில் 114-வது பிரிவு அறிவிப்பு வெளியிட்டது. சட்டப்படி செய்தே தீர வேண்டிய சேவைகளையும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் பாதுகாப்பையும் தவிர மற்ற எல்லாப் புதிய செலவையும் நிறுத்துவது அதன் பொருள். நியூயார்க் 1975 நெருக்கடியில் வேலையில் இருந்த போலீஸ்காரர்களையும் தீயணைப்பு வீரர்களையும் துப்புரவுப் பணியாளர்களையுமே ஆயிரக்கணக்கில் அனுப்பியது. அதில் முதலில் போனவர்கள் கடைசியாகச் சேர்ந்தவர்கள். இதைக் கேட்டபோதுதான் இன்னொன்று உறைத்தது. சேர்ந்துவிட்டாலே பாதுகாப்பு என்று நினைத்தேனே, தகுதிகாண் பருவத்தில் இருக்கும் புதியவருக்குத்தான் பாதுகாப்பு மிகக் குறைவு.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது? அக்கா ஒரு வழி காட்டினார். பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பார் என்றார். பூங்கா, நூலகம், திட்டமிடல், பொது நிர்வாகம் போன்றவை பெரும்பாலும் பொது நிதியில் ஓடுகின்றன. வரி குறைந்தால் இவை உடனே அடி வாங்கும். குடிநீர், கழிவுநீர், விமான நிலையம், துறைமுகம் போன்றவை பல நகரங்களில் தனிக் கணக்கில், வசூலிக்கும் கட்டணத்தில் நடக்கின்றன. நெருக்கடியிலும் மக்கள் தண்ணீர் கட்டணம் கட்டத்தான் செய்வார்கள். அந்தத் துறைகளில் நியமனத் தடைக்கு விலக்கு கிடைப்பது ஓரளவு எளிது. மேலிருந்து வரும் மானியத்தில் உருவாக்கிய இடங்களும் உண்டு. தடை இருக்கும்போதே ஆள் எடுப்பார்கள், ஆனால் மானியம் தீரும் நாளில் இடமும் தீரும். அறிவிப்பில் அது சிறிய எழுத்தில்தான் இருக்கும். நான் தேர்வான இடம் திட்டமிடல் பிரிவில், முழுக்கப் பொது நிதியில் இருந்தது.

அதன் பிறகு மாதம் ஒரு முறை, ஒரே ஒரு முறை, பணியாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்கு முன் வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டு அவர்களையும் நோகடித்து என்னையும் நோகடித்துக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலில் புலம்பல் இல்லை, மூன்று கேள்விகள்தான்: பட்டியல் காலாவதி தேதி மாறியிருக்கிறதா, இதே பணிப் பெயரில் வேறு துறை விலக்கு கேட்டிருக்கிறதா, என் முகவரியும் எண்ணும் உங்களிடம் சரியாக இருக்கின்றனவா. மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். பட்டியலில் இருப்பவருக்குக் கடிதம் அனுப்பி, குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுகிறார்கள். வாடகை கொடுக்க முடியாமல் அந்தக் காலத்தில் நான் வீடு மாறியிருந்தேன். கேட்காமல் விட்டிருந்தால் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் பதில் அனுப்பாததால்தான் என் இடம் மேலே ஏறியது. அவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இடையில் ஒரு தற்காலிகப் பணி வாய்ப்பு வந்தது, ஆறு மாதத்துக்கு. உடனே சரி என்று சொல்ல வாய் வந்தது. நல்ல வேளை, இதை ஏற்றுக்கொண்டால் நிரந்தரப் பட்டியலில் என் இடம் என்னாகும் என்று எழுத்தில் கேட்டேன். அந்த இடத்தின் விதிப்படி ஒன்றும் ஆகாது, ஆனால் அந்த ஆறு மாதம் தகுதிகாண் பருவத்தில் சேராது என்று பதில் வந்தது. விதி இடத்துக்கு இடம் மாறும், மறுத்தால் பெயர் போகிற இடங்களும் உண்டு, அதனால் வாய்வார்த்தையில் விடாதீர்கள். நான் ஏற்கத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் அந்தத் தற்காலிக இடமும் நிறுத்தப்பட்டது. அந்த வாரமே ஒரு சிறிய நிறுவனத்தில், பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலையைத் தேடுவதில் ஐந்து மாதம் தாமதித்ததுதான் நான் செய்த இரண்டாவது பெரிய தவறு. நாளை ஆணை வந்துவிட்டால் புதிய இடத்தில் என்ன சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டே சேமிப்பைத் தின்றேன்.

பட்டியல் காலாவதியாக ஐந்து வாரம் இருந்தபோது குடிநீர்ப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. அதே பணிப் பெயர், ஒரு படி குறைந்த ஊதியம். மறுபடி நேர்காணல். இந்த முறை என் பக்கமும் கேள்விகள் இருந்தன. “இந்த இடத்துக்கு நியமனத் தடையிலிருந்து விலக்கு ஆணை வந்துவிட்டதா, இல்லை இனிமேல்தான் கேட்கப்போகிறீர்களா?” என்று கேட்டேன். நடுவில் இருந்த அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். “வந்துவிட்டது. தேதி சொல்லட்டுமா?” என்றார். குறித்துக்கொண்டேன். தேர்வாகிவிட்டதாகத் தொலைபேசி வந்தபோது நன்றி சொல்லிவிட்டு, சேரும் தேதியோடு கையெழுத்திட்ட ஆணை வந்த பிறகே என் நோட்டீஸ் காலம் தொடங்கும், அதற்கு ஏற்றபடி தேதி கொடுங்கள் என்றேன். கோபப்படுவார்களோ என்று கை நடுங்கியது. அவர்கள் சாதாரணமாக, சரி என்றார்கள். 19 நாள் கழித்து ஆணை வந்தது. அதற்கு மறுநாள்தான் ராஜினாமா கடிதத்தை அச்செடுத்தேன்.

இப்போது தகுதிகாண் பருவத்தில் ஏழாவது மாதம். சேமிப்பு பழைய அளவுக்கு வர இன்னும் இரண்டு ஆண்டாவது ஆகும். இந்த ஆண்டுப் பட்ஜெட் வெளியானதும் முதலில் எங்கள் பிரிவின் பக்கத்தைப் பார்த்தேன், என் இடத்துக்கு நேரே பணம் ஒதுக்கியிருந்தார்கள். அப்புறம் திட்டமிடல் பிரிவின் பக்கத்தைத் திருப்பினேன். என்னைத் தேர்வு செய்த அந்த நான்கு இடங்களும் அப்படியே இருக்கின்றன, நான்கும் இன்னும் காலி. அந்தப் பட்டியலில் எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் சென்ற வாரம் பேசினார். புதிய தேர்வு அறிவிப்பு வந்திருக்கிறது, எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன். கூடவே பட்ஜெட்டில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லி, அவர் அதைத் திறந்து படிக்கும் வரை தொலைபேசியை வைக்காமல் கூடவே இருந்தேன்.